6.3 மி.மீ. வால்

ரிப்போர்ட்ட கையில குடுத்த உடனே அந்த அம்மா போன எடுத்து தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பவே எனக்கு தெரிஞ்சுபோச்சு, இன்னும் அஞ்சு நிமிஷத்துல திரும்ப வந்து நிப்பாங்கன்னு. வந்தாங்க. "டாக்டர், குடல்வால் தடிமன் 6 மில்லிமீட்டருக்கு மேல போனா அப்பெண்டிசைட்டிஸ், அதாவது குடல்வால் அழற்சின்னு நெட்ல போட்டுருக்கே, இவனுக்கு 6.3 இருக்கு, நீங்க நார்மல்னு எழுதியிருக்கீங்களே?" பையனுக்கு ஏழு வயசு. அவன் என்னடான்னா வெயிட்டிங் ஹால்ல சேர் மேல ஏறி ஏறி குதிச்சுட்டு இருக்கான்.

நான் ஸ்கேன் பாக்குற டாக்டர். வயித்துவலின்னு வர்ற பிள்ளைங்களுக்கு குடல்வால் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுறதே என் பொழப்புல பாதி. இந்த 6 பத்தி ஒருநாள் உக்காந்து எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன், ஏன்னா வாரத்துக்கு ஒருத்தராவது இதே கேள்விய கேட்டுட்டு முகம் வெளிறிப்போய் நிக்கிறாங்க.

1986ல பைலார்ட்னு ஒரு டச்சு ரேடியாலஜிஸ்ட், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவிய வயித்துல வச்சு கொஞ்சம் கொஞ்சமா அழுத்திட்டே போனா நடுவுல இருக்குற குடலும் காத்தும் ஒதுங்கி குடல்வால் கண்ணுக்கு தெரியும்னு காட்டுனாரு. இன்னிக்கும் நாங்க செய்யறது அதேதான். பிள்ளைங்களுக்கு கதிர்வீச்சு வேணாம்ங்கறதால மொதல்ல இந்த ஸ்கேன்தான். அதுக்கப்பறம் வந்த வருஷங்கள்ல, வெளிச்சுவர்ல இருந்து வெளிச்சுவர் வரைக்கும் 6 மி.மீ.ங்கறது ஒரு எல்லையா எல்லார் வாயிலயும் ஒட்டிக்கிச்சு. எல்லைன்னு சொன்னா அது லட்சுமணன் கிழிச்ச கோடு கெடையாதுங்க, இந்தப் பக்கம் நல்லது அந்தப் பக்கம் ராட்சசன்னு பிரிச்சுட முடியாது. ஆரோக்கியமான பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் 3ல இருந்து 6க்குள்ள இருக்கும், ஆனா ஒரு வியாதியும் இல்லாம 6 தாண்டுற பிள்ளைங்களும் நெறைய. 6க்கும் 8க்கும் நடுவுல இருந்தா நம்பர வச்சு மட்டும் நாங்க எதுவும் சொல்றதில்ல. அதுவும் சிடி ஸ்கேன்ல யாரும் அழுத்துறதில்லையா, அதனால அங்க கிடைக்கிற அளவு கொஞ்சம் பெருசாவே வரும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுட்டு வீங்கிருச்சுன்னு பயப்படக்கூடாது.

அந்த அம்மா அடுத்து கேட்டதுதான் எனக்கு பிடிச்ச கேள்வி. "ஏழு வயசுலயே 6.3ன்னா பதினஞ்சு வயசுல எவ்ளோ ஆகும்?" நியாயமான கேள்விதானே, செருப்பு சைஸ் ஏறுது, சட்டை சைஸ் ஏறுது, இது மட்டும் ஏறாதா? ஏறும், ஆனா அப்படி ஏறாது. நீளத்த எடுத்துக்கிட்டா, பொறந்த குழந்தைக்கு குடல்வால் சுமாரா 4, 5 செ.மீ. இருக்கும், வளந்தவங்களுக்கு சராசரி 9 செ.மீ. பக்கம். பிள்ளையோட உயரம் 50 செ.மீ.ல தொடங்கி மூணு மடங்குக்கு மேல போறப்போ இது ஏதோ ரெண்டு மடங்கோட நிறுத்திக்குது. (சராசரின்னு சொன்னாலும், 2 செ.மீ. வால் உள்ளவங்களும் உண்டு, 20 செ.மீ. வால் உள்ளவங்களும் உண்டு. நீளத்துக்கும் வியாதிக்கும் முடிச்சு போடாதீங்க.) தடிமனோ, மொத சில வருஷத்துல கொஞ்சம் கூடிட்டு அப்பறம் பெரிய மாத்தம் இல்லாம அப்படியே நின்னுடும். பதினஞ்சு வயசுல 13 மி.மீ.க்கு போய் நிக்காது.

அளவ விட உருவம்தான் நெசமாவே மாறுது. பொறந்தப்போ குடல்வால் புனல் மாதிரி இருக்கும், பெருங்குடலோட அடிப்பை அப்படியே குறுகிட்டே போய் வாலா முடியும், வாய் அகலமா இருக்கும். அப்பறம் அந்தப் பையோட ஒரு பக்கம் வேகமா வளருது, இன்னொரு பக்கம் மெதுவா வளருது, அதுல வால் முனையில இருந்து தள்ளப்பட்டு பின்பக்கமா உள்பக்கமா போய் ஒட்டிக்குது, வாயும் குறுகிடுது. வாய் அகலமா இருந்தா எதுவும் போய் அடைக்கிறது கஷ்டம், கைக்குழந்தைங்களுக்கு இந்த வியாதி அபூர்வமா வர்றதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்றாங்க.

உள்ள இன்னொரு விஷயம் நடக்குது. குடல்வால் சுவர்ல தொண்டையில இருக்குற டான்சில் மாதிரி நிணநீர் திசு இருக்கு. பொறந்தப்போ அது பேருக்குதான் இருக்கும், வளர வளர கூடும், பத்துல இருந்து இருபது வயசுக்குள்ள உச்சத்துக்கு போகும், அப்பறம் வயசாக ஆக சுருங்கிடும். அப்பெண்டிசைட்டிஸ் அதிகமா வர்ற வயசும் கிட்டத்தட்ட அதேதான். சளி காய்ச்சல்னு வந்தா டான்சில் வீங்குதுல்ல, அதே மாதிரி இந்தத் திசுவும் வீங்கும், குடல்வால் கொஞ்சம் தடிச்சு தெரியும், ஆனா அது அழற்சி இல்ல. நம்ம பையனுக்கும் போன வாரம் காய்ச்சலாம், அவனுக்கு குடல் பக்கத்துல நெறிக்கட்டி நாலஞ்சு வீங்கியிருந்துச்சு, வலிக்கு அதுதான் காரணம்னு நான் ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன், அந்த வரிய யாரும் படிக்கல.

அப்போ நாங்க என்னதான் பாக்குறோம்? மொதல்ல அழுத்துனா அமுங்குதான்னு. நல்ல குடல்வால் உள்ள காத்தோ மலமோ இருந்து தடிச்சிருந்தாலும் அழுத்துனா சப்பையாகும், வீங்கினது ரப்பர் குழாய் மாதிரி விறைச்சுட்டு நிக்கும். சுத்தி இருக்குற கொழுப்பு வெள்ளையா தடிச்சிருக்கா, ரத்த ஓட்டம் கூடியிருக்கா, உள்ள கல்லு ஏதாவது அடைச்சிருக்கா, நுனி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கா. இந்த நுனி ரொம்ப முக்கியம், ஏன்னா சிலருக்கு நுனி மட்டும் வீங்கும், அடிய மட்டும் பாத்துட்டு நார்மல்னு எழுதி நானே ஒருதடவ ஏமாந்திருக்கேன். எல்லாத்துக்கும் மேல, கருவி பட்ட எடத்துல பிள்ளை முகத்த சுளிக்குதா. நம்ம ஆளு சிரிச்சுட்டு இருந்தான்.

அதுக்காக நம்பர் சின்னதா இருக்குன்னு நிம்மதியா வீட்டுக்கும் போயிடாதீங்க. தொப்புள சுத்தி ஆரம்பிச்ச வலி சில மணிநேரத்துல வலது அடிவயித்துக்கு எறங்குது, வாந்தி, சாப்பாடே வேணாம்ங்குது, குனிஞ்சுட்டே நடக்குது, ஒத்தக்கால்ல குதிக்க சொன்னா அழுது, இப்படின்னா ராத்திரியானாலும் கெளம்பிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. அஞ்சு வயசுக்கு கீழ எங்க வலிக்குதுன்னே சொல்லத் தெரியாது, அதனால அந்த வயசுல குடல்வால் வெடிச்சு ஓட்டை விழுந்தப்பறம் வர்றதுதான் அதிகம். கடுமையா வலிச்சுட்டு திடீர்னு வலி நின்னுபோச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, வெடிச்சிருக்கலாம்.

சொல்லப்போனா மொதமொதல்ல குடல்வால வெட்டி எடுத்த கதையே ஒரு பிள்ளையோட கதைதான். 1735ல லண்டன்ல, 11 வயசு பையன், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணப்போன அம்யாண்ட்ங்கற சர்ஜன் உள்ள பாத்தா குடல்வால்ல ஊசி குத்தி ஓட்டை. மயக்க மருந்தே இல்லாத காலம். பையன் பொழச்சுக்கிட்டான்.

நம்ம பையன ரெண்டு வாரம் கழிச்சு வலி சுத்தமா போனப்பறமும் அந்த அம்மா கூட்டிட்டு வந்தாங்க, மனசு கேக்கல, இன்னொருதடவ அளந்துடுங்கன்னு. அழுத்தி அழுத்தி பாத்தேன், வயிறு முழுக்க காத்து, குடல்வால் கண்ணுலயே படல. தெரியலன்னு சொன்னதும் அந்தம்மா முகம் மறுபடி மாறுச்சு, நான் விளக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள பையன் தலைய தூக்கி ஸ்க்ரீன பாத்தான்.

"ஆன்ட்டி, பல்லிக்கு விழுற மாதிரி விழுந்துருச்சா?"