கறுப்புக் கட்டைகளில் ஐந்து ராகங்கள்

சென்ற மார்கழியில், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகளைப் புதுச்சேரியில் நடந்த ஒரு கச்சேரிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இரண்டரை மணி நேரத்தில் பாடகர் எந்த ராகத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் முன்வரிசைப் பெரியவர்களே காபி குடிக்க எழுந்து போனார்கள். திரும்புகையில், பேருந்து பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியபோது அவள் கேட்டாள்: "எல்லாரும் எதுக்கு மாமா தலையாட்டினாங்க?"

மறுநாள், கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அவளுடைய கைப்பேசியில் கீபோர்டு செயலியைத் திறந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொன்னேன். என் கைப்பேசியில் தம்பூராவின் சுருதியை நாலரைக் கட்டையில் வைத்தேன். மூன்றாகச் சேர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவதைச் சட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமான 'ஸ'வாகக் கொண்டு அவள் ஏறி இறங்கியபோது மோகன ராகம் வந்தது. தம்பூராவை ஐந்தரைக்கு ஏற்றி, அடுத்த கட்டையிலிருந்து தொடங்கச் சொன்னேன், மத்யமாவதி. ஆறரையில் ஹிந்தோளம் வந்ததும் விரலை எடுத்துவிட்டு, "அதே அஞ்சு கட்டையைத்தானே அமுக்கறேன்?" என்றாள். இரட்டைக் கட்டைகளில் முதலாவது சுத்த சாவேரியையும் இரண்டாவது சுத்த தன்யாசியையும் தந்தன. அதே ஸ்வரங்களில் ஆதாரத்தை மட்டும் மாற்றி வேறு ராகம் பெறும் இந்த முறைக்குக் கிரக பேதம் என்ற பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன். (ஸ்வரத்தை அசைத்து இசைக்கும் கமகம் இல்லாத மோகனம் உப்பில்லாப் பண்டம்தான் என்பதையும் சொல்லிவைத்தேன்.)

இளைஞர்களை வரவழைக்க மேடையில் வண்ண விளக்கு போடுவதிலோ, கச்சேரியின் கடைசியில் வரும் சிறு பாடல்களான துக்கடாவில் சினிமாப் பாட்டைச் சேர்ப்பதிலோ எனக்குப் பகையில்லை. ஆனால் அவற்றுக்காக வந்தவர், பாடகர் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையைத் தொடங்கியதும் மறுபடி கைப்பேசியைத்தான் எடுப்பார், ஏனெனில் ராகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு யாரும் காட்டவில்லை. மறுபுறம், கச்சேரி முறையில் கைவைக்கவே கூடாது என்பவர்கள், வர்ணத்தில் தொடங்கிப் பல உருப்படிகளாக விரியும் இன்றைய அமைப்பே, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் தம் காலத்து ரசிகர்களை மனத்தில் வைத்துச் செப்பனிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரும், எந்த ஊருக்குப் போனாலும் வித்வான்கள் அதே சில கீர்த்தனைகளையே பாடுகிறார்கள் என்று எழுதிச் சலித்துக்கொண்டவர்தான்.

அந்த வாரத்திலேயே அவளைப் பாடலீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியது எங்கள் ஊரில்தான் என்பது மரபு. கடலில் அவர் பாடியதாகச் சொல்லப்படும் 'சொற்றுணை வேதியன்' பதிகத்தை ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார். சொற்கள் அவளுக்கு ஏறக்குறைய விளங்கின. அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், காந்தார பஞ்சமம், இன்றைக்குக் கேதாரகௌளையில் பாடுகிறார்கள் என்று சொன்னேன். "அது கறுப்புக் கட்டையில வருமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பூராவை அவளே ஐந்தரையில் வைத்துக்கொண்டாள். ஏறுவது மத்யமாவதியைப் போலவே கறுப்பில் சரியாக வந்துவிட்டது, இறங்கும்போது இடறியது. வேண்டிய இரண்டு வெள்ளைக் கட்டைகளைக் காதாலேயே தேடிக் கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் சொல்லித் தரவில்லை.