பாய்லர் புகைக்காக நாலு மாதம் அலைந்த கதை

பாய்லர் புகைக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான கன்சென்ட், அதன் ரினீவல் ஆணை போன வாரம்தான் கைக்கு வந்தது. நாலு மாதம், மூன்று தடவை லேப் ஆட்கள், மூன்று தடவை வெல்டர், பஸ்ஸில் போய்ச் சும்மா திரும்பி வந்த நாட்கள் தனி. இதில் பாதி என் தப்பு. எரிச்சல் முழுசாக ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்களுடையது கோழித் தீவன ஆலை. மாவில் நீராவி காட்டி பெல்லட்டாக அழுத்த, மணிக்கு 3 டன் நீராவி தரும் விறகு பாய்லர் ஒன்று ஓடுகிறது. பெரும்பாலும் வேலிக்காத்தான் விறகு. வருஷா வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து சர்டிபிகேட் கொடுத்துவிடுவார், அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த சர்டிபிகேட் பாய்லர் வெடிக்காது என்பதற்கு. புகைக்கு வேறு சட்டம், வேறு ஆபீஸ். 1981ஆம் வருடத்துக் காற்றுச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தனியாக கன்சென்ட் வாங்க வேண்டும்.

வினை வடகத்தில் வந்தது. ஆலைக்குப் பின்னால் வயலாக இருந்த இடம் இப்போது வீட்டு மனை. சித்திரை வெயிலில் அங்கே ஓர் அக்கா மொட்டை மாடியில் அரிசி வடகம் பிழிந்து காய வைத்திருக்கிறார். சாயங்காலம் தட்டோடு நேராக ஆபீஸுக்கு வந்துவிட்டார். வெள்ளை வடகத்தின் மேல் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக. "எள்ளு போட்டேன்னு நினைச்சுக்காதீங்க தம்பி, எல்லாம் உங்க சிம்னி போட்டது" என்றார். நான் மன்னிப்புக் கேட்டதோடு விட்டுவிட்டேன். அடுத்த மாதம் புகார் மனு போய், நோட்டீஸ் வந்தது. கன்சென்ட் காலாவதியாக இருந்ததும் அதே சமயம்தான். புகை அளந்த ரிப்போர்ட் இல்லாமல் ரினீவல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

புகை கூடியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று முந்திரிக் கொட்டைத் தோடு ஒரு லோடு பண்ருட்டிப் பக்கமிருந்து இறக்கி விறகோடு கலந்து போட்டேன். சூடு பிரமாதமாக வரும். ஆனால் அந்தத் தோட்டில் எண்ணெய் இருக்கிறது. அது சரியாக எரியாமல் தார் மாதிரிப் போய் குழாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. மிச்சமிருந்த தோட்டை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு, புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் மல்டி சைக்ளோனைத் திறந்து சுரண்டவே இரண்டு நாள் ஆனது. உங்கள் கன்சென்ட்டில் எரிபொருள் விறகு என்று எழுதியிருந்தால் விறகை மட்டும் போடுங்கள். மாற்றினால் அதையும் எழுதிக் கேட்க வேண்டும்.

புகை அளக்க முதல் தடவை லேப் ஆட்கள் வந்தார்கள். ஆய்வகங்களைச் சோதித்து அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள தனியார் லேப். (பணம் கட்டும் முன் எந்த லேப் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொள்வார்கள் என்று ஆபீஸில் கேட்டுக்கொள்வது நல்லது. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.) வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும் முன்னாலேயே வந்தவர்களில் ஒரு பையன் சிம்னியை அண்ணாந்து பார்த்து, "போர்ட் ஹோல் எங்கேங்க சார்?" என்றான். கருவியை உள்ளே விட்டு சாம்பிள் எடுக்கும் ஓட்டை அது. கீழே, ஆள் நின்றபடி கை வைக்கும் உயரத்தில் இருந்த ஓட்டையைப் பெருமையாகக் காட்டினேன். ஏற வேண்டாம், இறங்க வேண்டாம், எவ்வளவு வசதி!

அங்கே அளந்தால் செல்லாதாம். புகையை உறிஞ்சித் தள்ளும் ஐடி ஃபேனிலிருந்து புகை சிம்னிக்குள் நுழையும் இடத்தில் சுழித்துக்கொண்டு போகும். அந்தச் சுழல் அடங்கி, ஒரே சீராக மேலே ஏறும் இடத்தில்தான் சாம்பிள் எடுக்க வேண்டும். கணக்கு இதுதான்: புகை நுழையும் இடத்திலிருந்து சிம்னி விட்டத்தைப் போல எட்டு மடங்கு மேலே, சிம்னி வாயிலிருந்து இரண்டு மடங்கு கீழே. எங்கள் சிம்னி உள்விட்டம் 600 மில்லிமீட்டர். ஆக நுழைவாயிலுக்கு மேலே குறைந்தது 4.8 மீட்டர். அந்த உயரத்தில் கருவியோடு இரண்டு பேர் நிற்க பிளாட்பாரம், சுற்றிக் கைப்பிடி, ஏறுவதற்கு ஏணி. ஒன்றுமே இல்லை. போக்குவரத்துச் செலவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெல்டரைப் பிடித்து 6 மீட்டர் உயரத்தில் பிளாட்பாரம் அடித்தோம். ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டு ஓட்டையும் போட்டாயிற்று. இங்கேதான் இரண்டாவது சறுக்கல். கையிலிருந்த 2 அங்குலக் குழாய்த் துண்டையே வெல்டர் பற்றவைத்துவிட்டார், நானும் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை வந்தவர்கள் சாம்பிள் எடுக்கும் நீளக் குழாயான ப்ரோபை நுழைக்கப் பார்த்தால், அதன் முனையிலுள்ள நாசிலும் புகையின் வேகம் அளக்கும் பிட்டாட் குழாயும் சேர்ந்து உள்ளேயே போகவில்லை. அன்றும் பெட்டியைத் திறந்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன். நல்லவேளை, வெல்டர் வீடு பக்கம். மதியத்துக்குள் அதை அறுத்து எடுத்துவிட்டு 4 அங்குலத்தில் ஃபிளாஞ்சோடு (போல்ட் போட்டு மூடும் விளிம்பு) வைத்தார். தயவுசெய்து வெல்டரைக் கூப்பிடும் முன் லேப்பைக் கூப்பிட்டு அளவு கேளுங்கள். படமே வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

அன்றைக்கு நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஐடி ஃபேனின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரை முழுசாகத் திறக்கச் சொல்லிவிட்டேன். காற்று நிறையப் போனால் புகை வெளுக்கும், அளவும் குறைந்து காட்டும் என்று கணக்கு. கண்ணுக்கு நிஜமாகவே வெளுத்தது. பையன் எடுத்துப் போன, தூசைப் பிடிக்கும் திம்பிள், வெள்ளைத் தாளில் செய்த விரல் உறை மாதிரி இருக்கும், அரை மணி கழித்து வெளியே வந்தபோது முழுக்கச் சாம்பல் நிறம். அதைப் பார்த்தபோதே வயிறு கொஞ்சம் கலங்கியது.

ரிப்போர்ட் வந்தது. அளந்த தூசு கன மீட்டருக்கு 540 மில்லிகிராம். எங்கள் அளவு பாய்லருக்கு, அதாவது மணிக்கு 2 டன்னிலிருந்து 10 டன்னுக்குள், எல்லை 800. அப்பாடா என்று அடுத்த வரிக்குப் போனால், திருத்திய அளவு 1045 என்று போட்டிருக்கிறது. தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றே நினைத்து போன் போட்டுச் சண்டைக்குப் போனேன்.

அந்தப் பையன் பொறுமையாகச் சொன்ன விளக்கம் இது. எல்லை 800 என்பது புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதம் இருக்கும் நிலைக்கு. நம் புகையில் இருந்தது 6.2 சதவீதம். 540-ஐ 12-ஆல் பெருக்கி 6.2-ஆல் வகுத்தால் 1045. பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்கும் கருவி மாதிரித்தான். எவ்வளவு காற்றைக் கலந்தாலும் அந்தக் கணக்கு அதைக் கழித்துவிடும். போதாததற்கு, டேம்பரைத் திறந்துவிட்டதில் இழுவை கூடி, அடுப்பிலிருந்த சாம்பலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. என் புத்திசாலித்தனத்துக்கு நானே லேப் ஃபீஸ் கட்டியிருக்கிறேன்.

1045 என்றதும் ஊரிலுள்ள விற்பனையாளர்கள் எல்லோருக்கும் எப்படித்தான் தெரிந்ததோ, வரிசையாக வந்தார்கள். எல்லோரும் சொன்னது பேக் ஃபில்ட்டர், அதாவது புகையைத் துணிப்பைகள் வழியாக வடிகட்டுவது. நல்ல சாதனம்தான், மறுக்கவில்லை. மணிக்கு 15 டன்னும் அதற்கு மேலும் உள்ள பாய்லருக்கு எல்லை 150, அங்கே அது மாதிரி ஒன்று இல்லாமல் முடியாது. ஆனால் விறகுப் பாய்லரில் தீப்பொறி பறக்கும். ஒரு பொறி துணிப்பையில் பட்டால் ஓட்டை. காலையில் பாய்லர் சூடேறும் முன் ஈரப் புகையை அதற்குள் விட்டால் சாம்பல் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். இதற்கெல்லாம் என்ன ஏற்பாடு என்று கேட்டதற்கு ஒருவர்கூட நேராகப் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் "முதல்ல ஆர்டர் போடுங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

இருக்கிற மல்டி சைக்ளோனே சரியாக வேலை செய்தால் போதுமே என்ற எண்ணம் எனக்கு ஃபயர்மேன் அண்ணனோடு பேசும்போதுதான் வந்தது. இருபது வருஷமாக அந்த அடுப்போடு இருப்பவர். சைக்ளோனுக்கு அடியில் சாம்பல் சேரும் ஹாப்பர், அதற்கு ஒரு மூடி. மூடியை முழுசாகச் சாத்தினால் சாம்பல் கட்டிக்கொள்கிறது, தட்டித் தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக, அண்ணன் மூடியின் இடுக்கில் ஒரு கருங்கல் ஜல்லியைச் செருகி வைத்திருந்தார். சாம்பல் தானாகத் தள்ளுவண்டியில் கொட்டும். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "உங்க அப்பா இருந்தப்பவே வெச்சதுங்க தம்பி."

பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தி எடுத்து வந்து கொளுத்தி அந்த இடுக்குப் பக்கம் காட்டினோம். புகை மேலே போகவில்லை. நூல் பிடித்த மாதிரி விர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனது. சைக்ளோனுக்குள் ஐடி ஃபேனின் உறிஞ்சல் இருக்கிறது. அடியில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அந்த வழியாக மேலே பாயும். சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கிய சாம்பலை அதுவே தூக்கிக்கொண்டு சிம்னிக்கு அனுப்பிவிடும். வருஷக்கணக்காக எங்கள் சைக்ளோன் வெறும் குழாயாகத்தான் இருந்திருக்கிறது. அண்ணன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அது எதற்கு மூடி என்று யாரும் அவருக்குச் சொல்லியதில்லை. எனக்கும்தான் தெரியாது.

அதே ஊதுபத்தியோடு பாய்லரைச் சுற்றி வந்தோம். அடுப்புக் கதவின் ஓரம், சுத்தம் செய்யும் மூடிகள், புகைக் குழாய் இணையும் டக்ட் ஃபிளாஞ்ச் இரண்டு, எல்லா இடத்திலும் உள்ளிழுப்பு. இடுக்கை அடைக்கும் கயிறு கேஸ்கட் மாற்றினோம். ஹாப்பருக்கு அடியில் மோட்டாரோடு ரோட்டரி ஏர்லாக் ஒன்று போட்டோம். சாம்பல் கீழே வரும், காற்று மேலே போகாது. வெட்டவெளியில் கிடந்த விறகுக்கு ஷெட் போட்டு, புது லோடு பின்னால், பழையது முன்னால் என்று மாற்றினோம். விறகை மொத்தமாகத் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னதற்கு மட்டும் அண்ணன் இரண்டு நாள் முனகினார். பேக் ஃபில்ட்டர் விலையோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறைச் செலவு.

மூன்றாம் தடவை: அளந்தது 330, கார்பன் டை ஆக்சைடு 10.5 சதவீதம், திருத்திய அளவு 377. ரிப்போர்ட்டை இரண்டு பிரிண்ட் எடுத்து ஒன்றை அண்ணனிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விறகும் மாதத்துக்கு இரண்டு லோடு மிச்சமாகிறது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இதற்குப் பிறகு பேப்பர் வேலைதானே என்று நினைத்தேன். ஆன்லைனில் எல்லாம் ஏற்றியாயிற்று. சொத்து மதிப்புக்குத்தான் ஃபீஸ் என்பதால் ஆடிட்டர் சர்டிபிகேட் வேண்டும். எங்கள் ஆடிட்டர் முந்தைய வருஷக் கணக்கை வைத்துக் கொடுத்துவிட்டார், அது திரும்பி வந்தது. அதைச் சரிசெய்து ஏற்றினால் பத்து நாள் சத்தமே இல்லை. நேரில் போனேன். "சார் கேம்ப் போயிருக்கார்." மறுவாரம் போனேன். அன்றும் கேம்ப். மூன்றாவது தடவை முதல் நாளே போன் செய்து கேட்டுவிட்டுப் போனேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம், மடத்தனம்.

அங்கே இருந்த உதவிப் பொறியாளர் ஃபைலைத் திறந்து ஒரே கேள்விதான் கேட்டார். "பழைய ஆர்டர்ல சிம்னி 18 மீட்டர். லேப் ரிப்போர்ட்ல 16.5. எது சரி?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது: சில வருஷம் முன்பு ஒரு புயல் மழைக்கு முன்னால், உச்சியில் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்த துண்டை விழுந்துவிடப் போகிறது என்று அப்பா அறுத்து இறக்கியிருக்கிறார். பொதுவான விதிப்படி 2 முதல் 5 டன் பாய்லருக்கு 12 மீட்டர், அல்லது பக்கத்துக் கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு, எது அதிகமோ அது. பின்னால் இருப்பதெல்லாம் மேலே மொட்டை மாடி மட்டும் உள்ள தரைத்தள வீடுகள், அந்தக் கணக்கில் 16.5-ஏ தாங்கும். ஆனால் அதையெல்லாம் பேசிப் பயனில்லை, ஆர்டரில் 18 என்றால் 18தான். திரும்ப வெல்டர், திரும்பக் கிரேன், ஒன்றரை மீட்டர் குழாய், தாங்கு கம்பிகளை இழுத்துக் கட்டி, இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்து ஏற்றினேன். அந்தப் போட்டோவுக்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை. லேப் ஆட்களை வரவழைக்கும் முன் பழைய ஆர்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் தளத்தில் சரிபாருங்கள்: பாய்லர் அளவு, எரிபொருள், சிம்னி உயரம், ஜெனரேட்டர் எண்ணிக்கை உட்பட. நான் செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

காலை ஐந்தரைக்கு அடுப்புப் பற்றவைக்கும்போது ஒரு பத்து நிமிஷம் இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது. குளிர்ந்த பாய்லரில் அதை முழுசாக நிறுத்த இதுவரை முடியவில்லை. சுள்ளியும் காய்ந்த தேங்காய் மட்டையுமாகப் போட்டுப் பற்றவைத்துப் பார்க்கிறோம், கொஞ்சம் பரவாயில்லை. அந்த அக்காவிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். நேற்றுக் காலையும் கூப்பிட்டார். "தம்பி, இன்னிக்குப் பதினைஞ்சு நிமிஷம்ங்க" என்றார்.