தோளிலிருந்து இடுப்புக்கு

மார்ச் 3
பொம்மை மேல் மூன்று நாளாக அசையாமல் நின்ற என் மடிப்பு அட்டை உடை, இன்று எனக்காக உடுத்திப் பார்ப்பவள் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்ததும் விலாப்பக்கம் பிளந்துவிட்டது.

மார்ச் 4
தூக்கமே இல்லை. உடம்புக்கு என்று கட்டினேன். அந்த உடம்பு மூச்சு விடும் என்பதை எப்படி மறந்தேன்?

மார்ச் 5
அவள் காறையெலும்பில் சிவப்புத் தடம், ஒரு விரல் அகலத்துக்கு. வலிக்கவில்லை என்கிறாள்.

மார்ச் 7
தாளை இணைகரக் கட்டங்களாக மடிக்கிற மியூரா மடிப்பை விட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை. பொறியாளர் கோரியோ மியூரா விண்வெளிக்காக யோசித்த மடிப்பு அது. 1995-ல் ஜப்பானிய விண்கலத்தில் போய் விரிந்தது. ஒரு மூலையை இழுத்தால் முழுத் தாளும் விரிகிற அழகுக்காகவே இத்தனை வாரம் அதோடு கிடந்தேன். ஆனால் வளைத்தால் குதிரைச் சேணம் மாதிரி நிற்கிறது, ஒரு திசையில் குழிந்தால் மறு திசையில் எழும்புகிறது. தோள் என்பது கவிழ்த்த கிண்ணம். எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. இரவு, காகிதப் பந்து செய்கிற வாட்டர்பாம்ப் மடிப்பில் உள்ளங்கை அளவு ஒன்று செய்தேன். தானாகவே உருண்டது. அமுக்கினால் சுருங்கி, விட்டால் விரிகிறது. மூச்சு மாதிரியே! விளக்கை அணைத்த பிறகும் கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8
டேப் வைத்து அளந்தோம். மூச்சை இழுத்தால் மார்பு 4 செ.மீ. கூடுகிறது. அந்த 4 செ.மீ.தான் இனி என் டிசைன்.

மார்ச் 10
அட்டை போதும். மடிப்புகள் கூடும் இடங்களில் கிழிகிறது. அரை மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தாளில் கத்தியின் முதுகால் கோடு போட்டு, கோடுகள் சேரும் புள்ளியில் சின்னத் துளை இட்டேன். அப்புறம் கிழியவில்லை.

மார்ச் 12
"இது உடையா, கட்டடமா?" என்று சார் கேட்டார். பதில் வரவில்லை. 1931-ல் நியூயார்க் விருந்து ஒன்றுக்கு கட்டடக்கலைஞர் வில்லியம் வான் ஆலன் தான் வடிவமைத்த கிரைஸ்லர் வானுயர் கட்டடமாகவே உடுத்திப் போன படத்தை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் கண் போவதெல்லாம் தலைக்கு. உச்சிக் கோபுரத்தின் பாரம் எங்கே இறங்கியது? கழுத்திலா?

மார்ச் 13
தடம் இன்னும் மறையவில்லை.

மார்ச் 15
மலையேறுகிறவர்களின் முதுகுப்பை! பாரம் இடுப்புப் பட்டையில் அல்லவா உட்காருகிறது. தோள் வெறுமனே பிடித்துக்கொள்கிறது. முதுகோடு இரண்டு பட்டைகளை இறக்கி இடுப்பெலும்பில் உட்கார வைத்தேன். மொத்தம் 1.9 கிலோ. தோளில் எவ்வளவு மிச்சம் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 16
கையைத் தூக்கினாள். காது வரை போனது. மூச்சை இழு என்றேன்.