கல்லுக்காட்டுத் திராட்சை

தெற்குப் பிரான்ஸில் உள்ள ஓரான்ஜ் ஊருக்குக் குடிவந்த முதல் வருடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது மிஸ்ட்ரால் காற்று ஒன்றுதான். கொடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டிவிடும். அதை எடுத்துவந்து கொடுத்துப் பழக்கமானவர் அந்த வீட்டுப் பெரியவர். திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எனக்கும் கம்பம் பக்கம்தான், தாத்தாவுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது என்று சொன்னதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செப்டம்பரில் ஒருநாள் காரில் ஏற்றி, கூர்தேசோனில் உள்ள ஷத்தோ த போகஸ்தெல் என்ற ஒயின் பண்ணைக்குக் கூட்டிப்போனார்.

இறங்கியதும் கண்ணில் பட்டது கல். கொடிக்கு அடியில் மண்ணே தெரியாமல் உருண்டை உருண்டையாக, சில தேங்காய் அளவுக்கு. ஒரு காலத்தில் ரோன் ஆறு உருட்டிவந்து போட்டவை. தாத்தா பார்த்திருந்தால் "கல்லுக்காடு" என்று அப்படியே திரும்பியிருப்பார். குனிந்து ஒன்றைத் தொட்டேன். பொழுது சாய்ந்தும் கதகதவென்று இருந்தது. பகல் வெயிலைப் பிடித்துவைத்து ராத்திரியில் கொடிக்குக் கொடுக்குமாம். பந்தலும் கிடையாது, கத்தரிச் செடி மாதிரி கொடிகள் குட்டையாக நிற்கின்றன. வருடத்துக்கு ஒரே அறுவடை, அதுவும் கையால்தான்.

1549இல் பியேர் த போகஸ்தெல் என்பவர் இங்கே ஒரு தானியக் கொட்டகையும் நிலமும் வாங்கினார். பண்ணையின் பெயர் அவருடையது. 1909இல் பியேர் த்ராமியே வாங்கி மருமகன் பெரானிடம் விட, இன்றுவரை பெரான் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. 1950இலேயே ரசாயன உரத்தை நிறுத்திவிட்டார்களாம். மருந்தடித்த பந்தலுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

இந்த வட்டாரத்து ஒயினான ஷத்தோநெஃப் தியூ பாப்புக்கு அனுமதியுள்ள 13 வகைத் திராட்சையும் இங்கே வளர்கின்றன. அக்கம்பக்கத்தில் கிரனாஷ் வகைதான் ராஜா. இவர்கள் முர்வேத்ர் வகைக்குப் பெரிய பங்கு கொடுக்கிறார்கள். சிவப்புத் திராட்சையை முதலில் சற்று நேரம் 80 டிகிரிக்குச் சூடாக்கி, ஆறவைத்து, அப்புறம்தான் நொதிக்க விடுவார்களாம். கெட்டுப்போகாமல் இருக்கப் பாலைக் காய்ச்சுகிறோமே, அந்த யோசனைதான். நிறமும் நன்றாக இறங்குகிறது.

சரி, கோப்பைக்கு வருகிறேன். முதல் வாயில் நாவல்பழத் துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. அப்புறம் ஒரு வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை. அரைகுறைப் பிரெஞ்சில் "பசு... வீடு" என்றேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்து, "முர்வேத்ர்!" என்றார். தோல், இறைச்சி, தொழுவம் எல்லாம் அந்தத் திராட்சையின் குணமாம்.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"குடிச்சியாடி?"

"ஒரு வாய்தாம்மா."

"எப்படி இருந்துச்சு?"

"நம்ம தாத்தா வீட்டுத் தொழுவம் மாதிரி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதுக்குப் போய் காசு வாங்குறானா?"