29 மூடிகள், ஒரு கிரேன்

அமெரிக்காவின் ஆர்லி பர்க் நாசகாரிக் கப்பலை 1/350 அளவில் பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்ய ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. உடல்பகுதி ஒட்டியாயிற்று, அதில் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்தையெல்லாம் தின்றது முன்தளத்தில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் ஒரு கட்டம்தான்: மார்க் 41, ஏவுகணைகளைச் செங்குத்தாக அறைகளில் நிறுத்திவைத்து ஏவும் அமைப்பு. தளத்தில் தெரிவது அந்த அறைகளின் மூடிகள்தான்.

இதற்கு முன் செய்தது டிகோன்டெரோகா, அதுவும் அமெரிக்கப் போர்க்கப்பல்தான். அந்த வகையின் முதல் ஐந்து கப்பல்களில் இரண்டு கைகளோடு சுழலும் ஏவி இருந்தது. அதை ஒட்டி நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. அதே வகையில் 1986இல் வந்த பங்கர் ஹில் கப்பலில்தான் கைகள் போய் மூடிகள் வந்தன. கடற்படைக்கு வசதி, எனக்குத் தலைவலி.

வாங்கிய கிட்டின் (மாதிரிப் பாகத் தொகுப்பின்) தளத்தில் அந்த இடத்தில் வெறும் கோடுகள் கீறியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் மூடிகளை வெட்டினேன். ஏவுகணை அடைத்து வரும் பெட்டியின் பக்கம் 25 அங்குலம், அதாவது 63.5 செ.மீ. 350ஆல் வகுத்தால் 1.8 மி.மீ.; மூடிக்கு 2 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். முதலில் நீளப் பட்டை, அப்புறம் குறுக்கே சதுரம். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் ஓரம் தூக்கிக்கொள்கிறது. பத்து மூடிக்கு ஒருமுறை நுனியை முறித்துப் புது முனை எடுத்தேன். இடுக்கியிலிருந்து தெறித்து விரிப்புக்குள் போனவை ஏழு.

எட்டு அறைகள் சேர்ந்தது ஒரு தொகுதி. நான்கு நான்காக இரண்டு வரிசை, நடுவே நீளமாக ஒரு மூடி. அந்த நடுமூடிதான் புகைபோக்கி. ஏவுகணை தன் அறைக்குள்ளேயே பற்றிக்கொள்வதால், கீழே பாயும் நெருப்பு அடியில் திரும்பி இந்த வழியாகத்தான் மேலே வர வேண்டும்.

நான்கு தொகுதி, 32 மூடி. ஒட்டி முடித்துப் பெருமையோடு கப்பலின் புகைப்படத்தோடு ஒப்பிட்டால், எண்ணிக்கை உதைக்கிறது. 1991இல் சேவைக்கு வந்த இந்தக் கப்பலில் முன்னே 29 அறைகள்தான். ஒரு தொகுதியில் மூன்று அறைகளின் இடத்தைக் கிரேன் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுக்கடலிலேயே ஏவுகணை நிரப்பலாம் என்று வைத்தது. டொமஹாக் என்ற கனமான ஏவுகணையைத் தூக்க அதற்குத் தெம்பில்லை. பின்னால் வந்த பர்க் கப்பல்களில் கிரேனை எடுத்துவிட்டு அறைகளை முழுதாக வைத்தார்கள்: முன்னே 32, பின்னே 64. நான் செய்து வைத்திருந்தது அந்தப் பிந்தைய கப்பலின் முன்தளம்!

பிளாஸ்டிக் சிமென்ட் உருக்கி ஒட்டும் சாமான், பெயர்த்தால் வராது. மூன்று மூடிகளையும் உளியால் செதுக்கி எடுத்ததில் தளம் அம்மை வடுபோல் ஆனது. புட்டி பூசித் தேய்த்து, மேலே ஒரே தகடாகக் கிரேன் மூடியை வைத்ததும் வடு மறைந்தது.

ஒரு மூடி மட்டும் திறந்து நிற்கட்டும் என்று அங்கே துளை போட்டேன். அப்போது புகைபோக்கி மூடியும் திறந்திருக்க வேண்டுமா என்று ஒரு நாள் குழம்பினேன். ஏவும்போது என்றால் வேண்டும். துறைமுகத்தில் பெட்டியை இறக்கும் காட்சி என்று வைத்துக்கொண்டால் வேண்டாம். சரி, இறக்கும் காட்சியே இருக்கட்டும். புகைபோக்கியையும் குடைய எனக்குப் பொறுமையில்லை.

அடுத்து பின்தளம்: ஏழு தொகுதிகளில் எட்டெட்டு, ஒன்றில் ஐந்து, மொத்தம் 61. இந்தத் தடவை முதலில் காகிதத்தில் வரைந்து எண்ணிவிட்டேன். விரிப்பின் பங்கையும் சேர்த்து 75 வெட்டப் போகிறேன்.