பிரதமர் சொந்தக் கட்சியின் ஆதரவை இழக்கும்போது: தேர்வுக்கு இந்தப் பகுதியைப் படித்த விதம்

குடிமைப் பணித் தேர்வுக்கு அரசியல் அறிவியலை விருப்பப்பாடமாக எடுத்துப் படிக்கிறவர்களில் பலர், நாடாளுமன்ற ஆட்சிமுறை என்ற பகுதிக்கு வந்ததும் கூட்டுப்பொறுப்பு (அமைச்சர்கள் அனைவரும் சேர்ந்தே அவைக்குப் பொறுப்பாவது), நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகிய இரண்டையும் குறித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார்கள். பிரிட்டனில் நாடாளுமன்றக் கீழவையின் வாக்கெடுப்பில் நம்பிக்கை இழந்து ஓர் அரசு வீழ்ந்தது கடைசியாக 1979 மார்ச் 28இல்; பிரதமர் ஜேம்ஸ் காலகன் அன்று 311க்கு 310 என்று ஒரே வாக்கில் தோற்றார். அதற்குப் பிறகு மார்கரெட் தாட்சர், தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ் ஆகியோர் பதவி விலகியபோது அவர்களை விலக வைத்தது எதிர்க்கட்சி வரிசை அல்ல, அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சொந்தக் கட்சி உறுப்பினர்கள். ஆகவே இந்தப் பகுதியைத் தனித் தலைப்பாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. முதன்மைத் தேர்வுக்கும் பிறகு நேர்முகத் தேர்வுக்கும் நான் இதைப் படித்த முறையை, இப்போது தயாராகி வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

பிரதமர் ஒரே நேரத்தில் இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்று அவையின் நம்பிக்கை, மற்றொன்று கட்சியின் நம்பிக்கை. முன்னது அரசமைப்பு சார்ந்தது; பின்னது பெரும்பாலும் கட்சி விதிகளும் மரபும் சார்ந்தது. இரண்டும் பிரியக்கூடியவை என்பதற்கு 1990 நவம்பரைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் விலகி, நவம்பர் 13இல் அவையில் ஆற்றிய உரைக்குப் பின் மைக்கேல் ஹெசல்டைன் தாட்சரை எதிர்த்து கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமைப் போட்டியில் இறங்கினார். நவம்பர் 20இல் நடந்த முதல் சுற்றில் தாட்சர் 204 வாக்குகளும் ஹெசல்டைன் 152 வாக்குகளும் பெற்றனர். அன்றைய கட்சி விதிப்படி, வாக்குரிமை உள்ளவர்களின் எண்ணிக்கையில் 15 விழுக்காடு அளவுக்கு முன்னிலை பெற்றால்தான் முதல் சுற்றிலேயே வெல்ல முடியும். அதற்கு தாட்சருக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. நவம்பர் 22 காலை, தாம் விலகப்போவதாக அவர் அறிவித்தார். அதே நாளில் எதிர்க்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அவருடைய அரசு 367க்கு 247 என்று எளிதாகத் தோற்கடித்தது. அவையில் வென்ற நாளும் பதவி விலகலை அறிவித்த நாளும் ஒன்றே என்ற இந்தச் செய்தி, விடைத்தாளில் ஒரு பக்கம் விளக்கம் எழுதுவதைவிட அதிகம் சொல்லிவிடும்.

இதன் பிறகு நிகழ்வுகளைக் கோவையாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள் ஒதுக்கி, தலைமையை மாற்றும் நடவடிக்கையை யார் தொடங்கலாம், அதற்கு எத்தனை பேர் வேண்டும், வாக்களிப்பது எம்.பி.க்களா கட்சி உறுப்பினர்களா, தலைவர் வென்றுவிட்டால் அடுத்து எப்போது மீண்டும் கேள்வி எழுப்பலாம் என்பவற்றை மட்டும் எழுதிவைத்தேன். 2018இலும் 2022இலும் கன்சர்வேட்டிவ் கட்சியில் இருந்த விதிப்படி, கட்சி எம்.பி.க்களில் 15 விழுக்காட்டினர் பின்வரிசை உறுப்பினர் குழுத் தலைவருக்குக் கடிதம் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். அதில் தலைவர் வென்றால் ஓராண்டுக்கு மீண்டும் வாக்கெடுப்பு இல்லை. கடிதங்களின் எண்ணிக்கை அந்தக் குழுத் தலைவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே ‘இத்தனை கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன’ என்று செய்திகளில் வந்த எண்கள் எல்லாம் ஊகங்கள். அவற்றைக் குறிப்பில் ஏற்றக் கூடாது.

விதி தரும் பாதுகாப்பு அரசியல் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதும் இங்கேதான் புரிந்தது. தெரசா மே 2018 டிசம்பர் 12இல் 200க்கு 117 என்று வென்றார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவதற்கான பிரெக்சிட் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15இல் 432க்கு 202 என்று அவையில் தோற்றபோது, எதிர்த்து வாக்களித்தவர்களில் அவருடைய கட்சியினரும் பெருமளவில் இருந்தனர். ஆனால் மறுநாள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அதே கட்சியினர் அவர் பக்கம் நின்றார்கள். அரசு 325க்கு 306 என்று தப்பியது. அவருடைய கொள்கையை ஏற்காதவர்கள்கூட எதிர்க்கட்சி ஆட்சிக்கு வருவதை விரும்பவில்லை. மே மாதம் 24ஆம் நாள், ஓராண்டுப் பாதுகாப்பு முடிவதற்கு முன்பே, அவர் விலகலை அறிவித்தார். ஜான்சன் 2022 ஜூன் 6இல் 211க்கு 148 என்று வென்று, ஜூலை 7இல் விலக வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலியாவுக்கு நான் அதிக நேரம் செலவிடவில்லை. அங்கே பாடம் விரைவாகவே கிடைத்துவிடும். நான்கு பொதுத் தேர்தல்களில் வென்ற பாப் ஹாக், 1991 டிசம்பரில் கட்சி எம்.பி.க்கள் கூட்டத்தில் பால் கீட்டிங்கிடம் 56க்கு 51 என்று தோற்றுப் பிரதமர் பதவியை இழந்தார். 2010இல் கெவின் ரட், 2013இல் ஜூலியா கில்லார்ட், 2015இல் டோனி அபட், 2018இல் மால்கம் டர்ன்புல் என்று நால்வர் இதே வழியில் போனார்கள். இதில் குறிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான்: தொழிற்கட்சி 2013இலும் லிபரல் கட்சி 2018இலும், பதவியில் இருக்கும் பிரதமரை மாற்றுவதைக் கடினமாக்கும் வகையில் தம் விதிகளைத் திருத்திக்கொண்டன.

இவ்வளவையும் படித்துவிட்டு இந்தியாவுக்கு வராமல் விடையை முடித்தால் அது பாதி விடைதான். அரசமைப்பின் 75(3)ஆம் பிரிவு அமைச்சரவையை மக்களவைக்குப் பொறுப்பாக்குகிறது; கட்சிக்கு அல்ல. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் வந்த பத்தாவது அட்டவணை, கட்சியின் கட்டளையை மீறி அவையில் வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியைப் பறிக்க வழி செய்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘கட்சித் தாவல் தடைச் சட்டம் இருப்பதால் இந்தியாவில் பிரதமரைச் சொந்தக் கட்சியினர் அசைக்க முடியாது’ என்று பல விடைகளில் எழுதப்படுகிறது. அது சரியல்ல. கட்சிக்குள் நடக்கும் தலைவர் தேர்வைப் பற்றி அந்த அட்டவணை எதுவும் சொல்லவில்லை. அது கட்டுப்படுத்துவது அவையில் போடும் வாக்கையும் கட்சி உறுப்பினர் பதவியைத் தாமாக விட்டுவிடுவதையும்தான். அதிருப்தியாளர்கள் அவையில் தங்கள் எண்ணிக்கையைக் காட்ட முடியாமல் போவதால் அவர்களுடைய பேரம் பேசும் வலிமை குறைகிறது என்று எழுதுவதே பொருத்தம். அட்டவணைக்கு முந்திய காலத்தில் 1979 ஜூலையில் ஜனதா கட்சி உடைந்து மொரார்ஜி தேசாய் விலகியதையும், பிந்திய காலத்தில் 1990 நவம்பர் 7இல் சொந்தக் கட்சி உடைந்த நிலையில் வி.பி.சிங் மக்களவையில் தோற்றதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அட்டவணை அன்று மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து போவதை அனுமதித்தது. அந்த வழியை 2003இல் 91ஆவது திருத்தம் அடைத்தது. வி.பி.சிங் காலத்து உடைப்பை இன்றைய சட்டத்தின்படி விளக்க முயல்கிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

நடப்புச் செய்திகளைப் படிக்கும்போது ஒரே ஒரு வடிகட்டியை வைத்துக்கொண்டேன். பெயர் சொல்ல விரும்பாத மூத்த தலைவரின் கருத்தை விட்டுவிட்டு, கையெழுத்திட்ட விலகல் கடிதங்களை மட்டும் தேதியுடன் குறித்தேன். 1990இல் ஹவ், 2022 ஜூலை 5இல் நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவித்தும், கனடாவில் 2024 டிசம்பர் 16இல் நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலேண்ட் என்று அந்தப் பட்டியலைப் பார்த்தால், மூத்த அமைச்சர் ஒருவர் காரணம் சொல்லி வெளியேறிய பின் பிரதமர்கள் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை என்பது தெரியும். ஜஸ்டின் ட்ரூடோ 2025 ஜனவரி 6இல் விலகலை அறிவித்தபோது அவருக்கு எதிராகக் கட்சியில் எந்த வாக்கெடுப்பும் நடந்திருக்கவில்லை.

பொது விவாதத்தில் எப்போதும் எழும் கேள்வி, மக்கள் தேர்ந்தெடுத்தவரை எம்.பி.க்கள் எப்படி நீக்கலாம் என்பது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது எம்.பி.க்களைத்தான் என்ற பாடநூல் பதில் சரியானது, ஆனால் போதாது. தேர்தல் பிரசாரம் முழுவதும் ஒரு முகத்தை வைத்தே நடக்கும்போது வாக்காளருக்கு ஏமாற்றம் ஏற்படுவது இயல்பே. இந்த இடத்தில் நான் லிஸ் டிரஸ்ஸை எடுத்துக்காட்டுவேன். 2022இல் ஜான்சனுக்கு அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க நடந்த போட்டியில், எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் சுனக் 137, டிரஸ் 113 வாக்குகள் பெற்றிருந்தனர். கட்சி உறுப்பினர்களோ 57.4 விழுக்காடு வாக்குகளுடன் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தனர். அவையில் தம்முடன் உட்காருகிறவர்களின் முதல் தேர்வாக இல்லாத அவர், வரிக்குறைப்பு அறிவிப்பால் நிதிச் சந்தை குலைந்ததும், பதவியேற்ற ஏழாவது வாரத்தில் விலகலை அறிவித்தார். தேர்ந்தெடுப்பவர்களும் தாங்கி நிற்க வேண்டியவர்களும் வேறு வேறு ஆட்களாக இருப்பதே சிக்கல் என்று இதை வைத்து வாதிடலாம்.

விடை எழுதும்போது இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்; ஒன்று விதி வேலை செய்த இடமாகவும் மற்றொன்று விதியைத் தாண்டி அரசியல் வென்ற இடமாகவும் இருக்கட்டும். பிரதமரின் குணநலன்களைப் பற்றிய வரிகளுக்கு மதிப்பெண் கிடைக்காது.

நேர்முகத் தேர்வில், வாக்கெடுப்பில் வென்ற பிரதமர் ஏன் விலக வேண்டும் என்று கேட்டார்கள். 1940 மே 8இல் நெவில் சேம்பர்லின் 281க்கு 200 என்று வென்றதையும், இருநூறுக்கு மேல் இருந்த பெரும்பான்மை 81ஆகச் சுருங்கியதால் மே 10இல் அவர் விலகியதையும் சொன்னேன். உடனே மற்றோர் உறுப்பினர், 1969 நவம்பர் 12இல் கட்சி இந்திரா காந்தியை நீக்கிய நிலை இன்று வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அன்று நாடாளுமன்றக் கட்சியில் பெரும்பாலோர் இந்திராவுடன் நின்றனர். குறைந்த எண்ணிக்கையை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, தி.மு.க. போன்றவற்றின் ஆதரவு ஈடுசெய்தது. இன்று அப்படி நடந்தால், கொறடாவை நியமிக்கும் அதிகாரம் சட்டமன்றக் கட்சிக்கு (அவையில் உள்ள கட்சி உறுப்பினர்களின் குழுவுக்கு) அல்ல, வெளியே உள்ள அரசியல் கட்சிக்கே உண்டு என்று, சிவசேனா உடைந்தது பற்றிய மகாராஷ்டிரா வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். பிரதமரை நீக்கிய கட்சி அமைப்பே கட்டளையும் பிறப்பிக்கும். அதை மீறிப் பிரதமருக்கு வாக்களிப்பவர்கள், மூன்றில் இரண்டு பங்கினராகச் சேர்ந்து வேறொரு கட்சியுடன் இணைந்ததாகக் காட்டினால் ஒழிய, தகுதி நீக்கத்தை எதிர்நோக்குவார்கள். அதை முதலில் முடிவு செய்கிறவர் மக்களவைத் தலைவர்.