இஞ்சி பியர்: ருசியைக் கெடுப்பது போத்தல்

வீட்டில் செய்த இஞ்சி பியரில் பத்துப் போத்தலில் ஒன்று மட்டும் திறந்ததும் சீறினால், குற்றம் அந்தப் போத்தலில். பத்தும் சீறினால் சீனி கூடிவிட்டது, இல்லாவிட்டால் வெயில் பட்ட இடத்தில் வைத்திருக்கிறீர்கள். பத்தும் வினாகிரிபோலப் புளித்தால் நொதிக்க வைத்த வாளியையும் அதன் பைப்பையும் பாருங்கள். எங்கே கழுவ வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான துப்பு.

பார்லி பியர் வடிக்க இங்கே இலங்கையில் உரிமம் வேண்டும் என்பதால் பேச்சு இஞ்சி பியரைப் பற்றியே. ஆனால் சுத்தம் செய்கிற முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கழுவுவது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை. அடியில் ஈஸ்ட் மண்டி ஒட்டியிருக்கும் போத்தலுக்குள் பிளீச் ஊற்றினால், அது மண்டியோடு மோதியே தன் வலுவை இழந்துவிடும். மண்டிக்குக் கீழே இருக்கும் பக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. கொழும்பில் வீட்டுக்குள்ளேயே 28, 30 பாகை சூடு. மிஞ்சிய கொஞ்சக் கிருமி ஓர் இரவில் பெருகிவிடும்.

முதலில் கழுவல். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, அரை மணி நேரம் ஊறல். (அலுமினியச் சட்டியில் கரைக்க வேண்டாம், அரித்துவிடும்.) கண்ணாடிப் போத்தலென்றால் ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்கும் பழைய முறை இன்றும் நல்லதுதான். பிளாஸ்டிக் வாளிக்குக் கம்பி நாரும் தும்பும் ஆகாது. அவை போடும் கீறலுக்குள் எந்த மருந்தும் ஒழுங்காகப் போகாது. கீறல் விழுந்த வாளி துணி ஊறவைக்கத்தான் சரி. வாசனைச் சவர்க்காரத்தின் மணம் பிளாஸ்டிக்கில் தங்கி, பிறகு இஞ்சியோடு சேர்ந்து வரும்.

அதிகம் பேர் தவறவிடுவது வாளியின் பைப். வெளியே பளபளக்கும், உள்ளே திருகுமரைக்குள் பழைய சீனிப்பாகு கறுத்துப்போய் இருக்கும். நட்டைக் கழற்றி, றப்பர் வாஷரை எடுத்து, ஒவ்வொன்றாகத் தேயுங்கள். வாஷரில் வழுக்கல் இருந்தால் புதிதாக மாற்றுவதே சுகம்.

அடுத்தது கிருமி நீக்கல். வாசனை சேர்க்காத 5 வீத பிளீச், 4 லீற்றர் தண்ணீருக்கு 15 மில்லிலீற்றர். 20 நிமிடம் முங்கியிருக்க வேண்டும். காற்றுக் குமிழி அடைத்த இடம் நனையாது, ஆகவே போத்தலைச் சரித்து நிரப்புங்கள். பிளீச்சோடு வினாகிரியோ தேசிக்காயோ ஒருபோதும் சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். எவர்சில்வர் பாத்திரத்தை அதில் ஊறப்போட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதற்குக் கொதிநீரே போதும்.

பிறகு அலசல். செய்த வேலையெல்லாம் இங்கேதான் வீணாகிறது. மொட்டைமாடித் தாங்கியில் இருந்து வரும் தண்ணீரில் அலசினால், கொன்ற கிருமிக்குப் பதில் புதியதை விட்டாயிற்று. 10 நிமிடம் கொதிக்கவைத்து மூடியபடியே ஆறவைத்த தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். பிளீச் மிஞ்சினால் இஞ்சி பியரில் ஆஸ்பத்திரி மருந்து வாடை ஏறும். அதைக் கராம்பு போட்டும் மறைக்க முடியாது.

ஸ்டார் சான் என்ற கிருமி நீக்கி கிடைத்தால் அலசும் சங்கடம் இல்லை. அது அமிலம், லீற்றருக்கு ஒன்றரை மில்லிலீற்றர், இரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும். நுரை இருக்கும்போதே இஞ்சி பியரை ஊற்றலாம்.

கண்ணாடியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சூடேற்றி, 10 நிமிடம் கொதிக்கவிடலாம். சோடா விற்கும் பிளாஸ்டிக் போத்தலை அப்படிச் செய்யாதீர்கள், 70 பாகையைத் தாண்டினால் குறுகிக் கோணும். ஆனாலும் இஞ்சி பியருக்கு அதுவே பாதுகாப்பு: அமுக்கிப் பார்த்தால் வாயு ஏறியது கையில் தெரியும், கல்லுப்போல இறுகியதும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். சாராயப் போத்தலும் கோடியல் போத்தலும் அழுத்தம் தாங்கச் செய்தவையல்ல. வெடித்தால் கண்ணாடி பறக்கும்.

பழ ஈ ஒன்று போதும், வினாகிரிப் பக்டீரியாவைக் காலில் கொண்டுவர. கழுவியதைத் திறந்து மேசையில் வைக்காமல், நிரப்பும் நேரத்துக்குச் சற்று முன்பே கிருமி நீக்குங்கள். எடுத்து வைக்கும்போது முறை நேர்மாறு: போத்தலைக் கவிழ்த்து முழுதாகக் காயவிட்டு, மூடி போடாமலே வையுங்கள். ஈரத்தோடு மூடினால் இந்த ஊர்க் காற்றில் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வாளியிலிருந்து போத்தலுக்கு மாற்றும் குழாய்களை ஆணியில் நீளமாகத் தொங்கவிடுங்கள். சுருட்டினால் வளைவில் தண்ணீர் தேங்கும்.